குளம் பச்சையாகிவிட்டது: மயில்துத்தமா, காற்றா, தவிட்டைக் குறைப்பதா?

பர்மியப் புத்தாண்டான திங்கியான் தண்ணீர் விளையாட்டு முடிந்து, சித்திரைப் பிறப்புக்குச் செய்த மாங்காய்ப் பச்சடி காலியாவதற்குள் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, குளம் பச்சையாயிருச்சு, என்ன போடலாம்?"

இந்த வருடம் மூன்று பேர் கேட்டார்கள். தொங்வா பக்கத்துத் தம்பிக்கு 2 ஏக்கர் ரோகு மீன் குளம். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, கையில் இருப்பது ஒரு டீசல் பம்பு மட்டும். மவுபினில் இருக்கும் அக்காவுக்குக் குளத்தின் மேலேயே கோழிக்கொட்டகை. பங்குனி பிறந்தால் வருடம் தவறாமல் பாசி பொங்குகிறது. மூன்றாமவர் த்வாந்தே மாமா. அவர் மீனுக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல எடை. ஆனால் யாங்கோன் சான்ப்யா சந்தை வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு, சேற்று வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கேள்வி ஒன்றுதான். பதில் மூன்று பேருக்கும் வேறு வேறு. கடையில் "பாசிக்கு மருந்து" என்று கேட்டு வாங்கி வருவதற்கு முன்னால், என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைக் கொடுத்து எதைப் பிடுங்கும் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

முதலில், அது எந்தப் பச்சை?

ரோகு குளம் பச்சையாக இருப்பது நோய் இல்லை. பர்மியர்கள் ஙாமியிச்சின் என்று சொல்லும் இந்த மீனும், கூட வளரும் கட்லாவும் அந்தப் பச்சையிலிருந்து உண்டாகும் உணவை நம்பித்தான் வளர்கின்றன. பகலில் மீனுக்கு மூச்சு கொடுப்பதும் அதே பாசிதான். தொல்லை எல்லாம் அளவு மீறும்போது வருகிறது, அல்லது நீலப்பச்சைப் பாசி மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தனியாட்சி நடத்தும்போது வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். கண்ணாடி பாட்டில் ஒன்றில் முக்கால் வாசி குளத்துத் தண்ணீரை எடுத்து, மூடி, நிழலில் ஆடாமல் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பச்சை முழுவதும் மேலே ஏறி, கழுத்துப் பக்கம் பெயிண்ட் ஊற்றியதுபோல் வளையம் கட்டி நின்றால், அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசி. அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு, அதனால் மிதக்கும். பச்சை சீராகப் பரவி நின்றாலோ மெதுவாக அடியில் படிந்தாலோ சாதாரணப் பச்சைப் பாசி. மேற்பரப்பு வெயிலேற ஏறச் செங்கல் நிறமாகவும் மாலையில் பச்சையாகவும் மாறினால் அது யூக்ளினா, அது வேறு இனம்.

இரண்டாவது கருவி, டீக்கடையில் தூக்கிப் போடும் பால்டின்னின் மூடி. அதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, சென்டிமீட்டர் கணக்கு குறித்த மூங்கில் குச்சியின் நுனியில் ஆணி வைத்து அடித்தால் தெளிவு பார்க்கும் தட்டு தயார். நடுப்பகலில் தண்ணீருக்குள் இறக்குங்கள். 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள் மூடி கண்ணுக்கு மறைந்தால் குளம் நன்றாக இருக்கிறது. 20 சென்டிமீட்டருக்குள்ளேயே மறைந்தால் இரவில் ஆபத்து. 60 தாண்டியும் தெரிந்தால் பாசி போதவில்லை, அடியில் களை முளைக்கும்.

இந்த இரண்டையும் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். மூடி 35-இல் மறையும் குளத்தில் மருந்து போட்டுக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எதை வைத்து அளப்பது

எனக்கு முதல் அளவுகோல் ஆக்சிஜன், அதுவும் விடியற்காலை நான்கு மணி ஆக்சிஜன். பகலில் பாசி ஆக்சிஜனை விடுகிறது. இரவில் அதே பாசி, மீனோடும் சேற்றோடும் போட்டி போட்டு அதை இழுக்கிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் திணறும், 1-ஐ நெருங்கினால் சாகும். பாசியை ஒரேயடியாகக் கொன்றால், செத்த பாசி அழுகுவதற்கு இன்னும் அதிக ஆக்சிஜன் செலவாகும். பாசிப் பெருக்கத்தில் மீன் இழந்தவர்களில் பலர் பாசியின் விஷத்தால் இழக்கவில்லை, மூச்சுமுட்டலால் இழந்தார்கள். எந்த வழியை எடுத்தாலும் "இன்று இரவு காற்றுக்கு என்ன செய்வேன்?" என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது, பலன் எத்தனை நாள் நிற்கும் என்பது. பாசியைக் கொல்வது சுலபம். பாசிக்குச் சாப்பாடு போடும் பாஸ்பரஸ் தண்ணீரிலேயே இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வந்து நிற்கும்.

மூன்றாவது, உங்கள் தண்ணீரின் குணம். மொத்தக் காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு) எவ்வளவு, பிற்பகலில் பி.எச். எவ்வளவு. மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) படிகாரமும் சுண்ணாம்பும் இந்த இரண்டு எண்களைப் பொறுத்து மருந்தாகும், அல்லது விஷமாகும். சோதனைப் பெட்டி ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொண்டாலும் போதும்.

அப்புறம், மதகு வழியே என்ன வெளியே போகிறது என்பது. நம் டெல்டாவில் வாய்க்கால் வெறும் வாய்க்கால் இல்லை. கீழே ஒரு வீட்டில் அதில்தான் துணி துவைக்கிறார்கள், குழந்தைகள் குளிக்கிறார்கள், மாடு குடிக்கிறது. நீலப்பச்சைப் பாசியிலிருந்து வரும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும் விஷம். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதுதான் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு, கொதிக்க வைத்தாலும் அது போகாது.

கடைசியாகப் பணம். மருந்து விலை மட்டும் கணக்கில்லை. டீசல், கூலி, எடை குறைவு, சந்தையில் வாடையால் விலை இறங்குவது எல்லாம் சேர்த்துத்தான்.

| வழி | பலன் தெரிய | மறைவான செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| தீனி, எருவைக் குறைத்தல் | 2 முதல் 4 வாரம் | கொஞ்ச நாள் வளர்ச்சி மந்தம் | எல்லாக் குளத்துக்கும் |
| இரவில் காற்றூட்டல் | அன்றே | டீசல், தூக்கம் | மீன் வாய் பிளக்கும்போது |
| மயில்துத்தம் | 2, 3 நாள் | ஆக்சிஜன் சரிவு, சேற்றில் செம்பு | ஆரம்பப் பெருக்கம், காரத்தன்மை தெரிந்த குளம் |
| ஹைட்ரஜன் பெராக்சைடு | 1, 2 நாள் | விலை, கையாளும் ஆபத்து | சின்னக் குஞ்சுக்குளம் |
| படிகாரம் | ஒரே நாள் | பி.எச். இறக்கம், மூட்டை கணக்கு | காரத்தன்மை உள்ள தண்ணீர் |
| தண்ணீர் மாற்றுதல் | அன்றே | வாய்க்கால் மாசு, காட்டு மீன் | நல்ல தண்ணீர் கிடைக்கும் மாதம் |
| வெள்ளிக்கெண்டை | ஒரு பருவம் | தீனிப் போட்டி, விற்பனை | அடுத்த வருடத் திட்டம் |
| ஆகாயத்தாமரை, வைக்கோல் | வாரங்கள் | கூலி, அழுகல் | வருமுன் காக்க |

தீனியைக் குறைப்பது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், பாசியின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாம் போடுவது பெரும்பாலும் அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும். தீனியில் உள்ள நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் நான்கில் ஒரு பங்கோ, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கோதான் மீனின் உடம்பில் சேரும். மீதி தண்ணீருக்கும் சேற்றுக்கும் போகிறது. தவிட்டில் இன்னொரு சங்கதி உண்டு. அதில் பாஸ்பரஸ் அதிகம், ஆனால் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. இரைப்பையே இல்லாத கெண்டை இன மீன்களால் அந்தப் பூட்டைத் திறக்க முடிவதில்லை. மீன் வயிற்றைத் தாண்டி வெளியே வந்ததும் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் திறந்து பாசிக்குக் கொடுத்துவிடுகின்றன. ஒரு மூட்டைத் தவிட்டை அள்ளி வீசும்போது பாதிக்கு மேல் பாசிக்குத்தான் பந்தி வைக்கிறோம்.

அனபீனா மாதிரியான நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் யூரியாவை மட்டும் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பாஸ்பரஸ் வரும் வழியைச் சுருக்க வேண்டும்.

நடைமுறையில் நான் செய்வது இது. மூடி 30-க்குக் கீழே போனதும் எருவும் உரமும் அடியோடு நிறுத்தம். 25-க்குக் கீழே போனால் தீனி பாதி. மீன் வாய் பிளந்த காலையில் தீனியே கிடையாது. மற்ற நாட்களிலும் வெயில் ஏறி, ஒன்பது மணிக்கு மேல்தான் போடுவேன். தவிட்டைத் தூவுவதை விட்டுவிட்டு, ஆந்திரப் பண்ணைகளில் செய்வதுபோல் அடியில் துளையிட்ட சாக்கில் கட்டி, கழியில் தொங்கவிடுகிறேன். மீன் வந்து முட்டி உறிஞ்சித் தின்னும். இரண்டு மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கினால் மிச்சம் எவ்வளவு என்று கை எடையிலேயே தெரிந்துவிடும். தூவிய தவிட்டில் இந்தக் கணக்கு ஒருநாளும் தெரியாது.

மறைவான செலவு பொறுமைதான். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், ஏனென்றால் சேற்றில் ஏற்கெனவே சேர்ந்தது வெளியே வந்துகொண்டிருக்கும். மீன் கொஞ்சம் மெலியும். விற்க ஒரு மாதமே இருக்கும்போது இதை மட்டும் நம்பினால் போதாது.

அறுவடை முடிந்ததும் குளத்தை வெடிப்பு விழும் வரை காயப் போட்டு, கருப்புச் சேற்றை வழித்து வயலுக்கோ காய்கறிப் பாத்திக்கோ கொடுத்துவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும். சுட்ட சுண்ணாம்பு போடுவதானால் அந்தக் காய்ந்த தரையில் போடுங்கள். மீன் இருக்கும் பச்சைக் குளத்தில் பிற்பகல் பி.எச். ஏற்கெனவே 9-ஐத் தாண்டி நிற்கும். அதில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினால் தண்ணீரில் உள்ள அம்மோனியா விஷ வடிவத்துக்கு மாறும்.

இரவில் காற்றூட்டுவது

இது பாசியைக் கொல்லாது. மீனைக் காப்பாற்றும். துடுப்பு ஏரேட்டர் இருந்தால் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஓட்டினால் போதும். பகலில் பாசியே அந்த வேலையைச் செய்கிறது. தண்ணீரை இப்படிக் கலக்கிக்கொண்டே இருந்தால், மேலே மிதந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிக்கு இருக்கும் வசதியும் ஓரளவு குறைகிறது. அது கூடுதல் லாபம்.

மின்சாரத்தை நம்பி ஏரேட்டர் வாங்கினால் நம் ஊரில் அது பாதி இரவு நின்றுபோகும். டீசல் எஞ்சின் இருந்தால் ஆற்றுப் பம்பையே குளத்தில் இறக்கி, தண்ணீரை எடுத்து அதே குளத்துக்குள் பீய்ச்சி அடிக்கலாம். குழாய் வாயில் தகரத்தை வளைத்துக் கட்டினால் தண்ணீர் விசிறிபோல் சிதறும். குளம் முழுவதையும் சரியாக்க வேண்டியதில்லை, ஒரு மூலையில் நல்ல தண்ணீர் இருந்தால் மீன் தானே அங்கே வந்து கூடும். பெரிய குளத்தில் இந்த ஒரு மூலை யோசனைதான் டீசலை மிச்சம் பிடிக்கும்.

செலவு டீசலும் தூக்கமும். மேகமூட்டமான நாட்களில், முக்கியமாகக் கோடைவெயில் போய் முதல் மழை இறங்கும் மே மாத வாரத்தில், தூக்கத்தை விடத்தான் வேண்டும். வெயில் இல்லாத இரண்டு நாளில் பாசி ஒரேயடியாகச் சாகலாம்.

மயில்துத்தம்

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகமாகத் தப்பாகப் போடப்படுவதும் இதுதான். நானும் தப்பாகப் போட்டவன்.

அப்போது எனக்குக் குளம் புதிது. சித்திரை வெயில், காற்று அசையவில்லை, 1 ஏக்கர் குஞ்சுக்குளத்தின் மேல் பச்சை ஏடு. யாரோ சொன்ன அளவை வாளியில் கரைத்து, படகில் போய்க் குளம் முழுவதும் ஊற்றினேன். இரண்டாம் நாள் தண்ணீர் தேயிலை நிறத்துக்கு மாறியது. எல்லோரும் பலன் தெரிகிறது என்றார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு மழை பெய்யும் சத்தம் கேட்டு எழுந்தேன். வெளியே வந்தால் வானம் முழுவதும் நட்சத்திரம். குளத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் தண்ணீரை அறைந்துகொண்டிருந்த சத்தம் அது. பம்பைத் தூக்கிவந்து ஓட்டுவதற்குள் விடிந்துவிட்டது. காலை முழுக்க மூங்கில் கூடையில் அள்ளினோம். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நின்று அள்ளியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மருந்து தப்பில்லை, போட்ட முறைதான் தப்பு. சரியான கணக்கு இது. மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்று வரும். காரத்தன்மை 100 என்றால் 1 மில்லிகிராம். 1 ஏக்கர், 4 அடி ஆழம் என்றால் சுமார் 4,900 கனமீட்டர் தண்ணீர், ஆக 4.9 கிலோ, நம் கணக்கில் 3 வீசை. அந்தக் கணக்கும் குளம் முழுவதற்கும் ஒரே நாளில் போடுவதற்கு இல்லை. மூன்றில் ஒரு பகுதி குளத்துக்கு 1 வீசை, ஒரு வாரம் பொறுத்து அடுத்த பகுதி. வெயில் உள்ள காலையில் போட்டு, அன்றிரவிலிருந்து தொடர்ந்து காற்றூட்ட வேண்டும். காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் தொடவே தொடாதீர்கள். அந்தத் தண்ணீரில் செம்பு மீனின் செவுளையே தாக்கும். நன்னீர் இறால் சேர்த்து வளர்ப்பவர்களுக்கும் இது வேண்டாம்.

மறைவான செலவுகள் இன்னும் உண்டு. செல் உடையும்போது உள்ளே இருந்த விஷமும் சேற்று வாடையும் மொத்தமாகத் தண்ணீரில் கலக்கும். பாசியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த நுண்விலங்குகளும் செத்துப்போவதால் அடுத்த பாசிக்கு எதிரியே இருக்காது. செம்பு மக்காது, சேற்றிலேயே தங்கும். வருடா வருடம் போட்டால் அந்தச் சேற்றை வயலுக்கும் கொடுக்கத் தயங்க வேண்டிவரும்.

இது பொருந்தும் நேரம் குறுகியது. பெருக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, மூடி 25 சென்டிமீட்டர் வாக்கில் மறைகிறது, காரத்தன்மை தெரியும், காற்றுக்கு வழி இருக்கிறது என்றால் போடலாம். ஏடு கட்டிய குளத்தில் நான் போடமாட்டேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு

நீலப்பச்சைப் பாசியை மற்றப் பாசிகளைவிட முதலில் தாக்கும் என்பதும், தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து எதையும் மிச்சம் வைக்காது என்பதும் இதன் பெருமை. நெதர்லாந்தில் ஏரி முழுவதற்குமே லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் குளங்கள் அந்த ஏரிகளைவிடப் பல மடங்கு அடர்த்தி, அதனால் அளவு கூடும். 3 மில்லிகிராம் என்று வைத்தாலே மேலே சொன்ன 1 ஏக்கருக்குச் சுத்தப் பெராக்சைடு 15 கிலோ, 35 சதவீதக் கரைசலாக 42 கிலோ. தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கேனைத் திறக்கக் கூடாது. கால் ஏக்கர் குஞ்சுக்குளத்தில் விலை உயர்ந்த குஞ்சு இருந்தால் யோசிக்கலாம். பெரிய குளத்துக்குக் கட்டுப்படியாகாது.

படிகாரம்

ஆற்றுத் தண்ணீரைப் பானையில் தெளியவைக்க நம் வீட்டுப் பெண்கள் சுழற்றும் அதே படிகாரம்தான். பாசியையும் களிமண்ணையும் திரட்டிக் கீழே இறக்கும், பாஸ்பரஸையும் கட்டி அடியில் உட்காரவைக்கும். செல்லை அதிகம் உடைக்காமல் வேலை செய்வதால், ஒரே நாளில் தெளிவு வேண்டும் என்பவர்களிடம் மயில்துத்தத்தைவிட இதைச் சொல்வேன்.

ஆனால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றாலே 1 ஏக்கருக்கு 98 கிலோ, 60 வீசை. தூளைக் கரைத்து வேகமாகப் பரப்ப ஆள் வேண்டும். 1 மில்லிகிராம் படிகாரம் காரத்தன்மையில் அரை மில்லிகிராம் வரை தின்றுவிடும், பி.எச். இறங்கும். மழைக்காலத்து மென்மையான தண்ணீரில் இது மீனையே சாய்க்கும். காரத்தன்மை குறைந்த குளம் என்றால் சில நாள் முன்பே விவசாயச் சுண்ணாம்புப் பொடி போட்டு உயர்த்திவிட்டு வாருங்கள். அடியில் இறங்கிய பாசியும் அங்கே அழுகத்தான் செய்யும், ஆகவே காற்று இதற்கும் வேண்டும்.

தண்ணீர் மாற்றுவது

நல்ல தண்ணீர் கிடைத்தால் இதைவிட வேகமான வழி இல்லை. கிடைக்காததுதான் சங்கடம். பாசி பொங்கும் மார்ச், ஏப்ரலில் வாய்க்கால் வற்றிக் கிடக்கும், டெல்டாவின் கீழ்ப்பகுதியில் உப்பு ஏறும். பக்கத்துப் பண்ணை திறந்துவிட்ட பச்சைத் தண்ணீரையே நாம் உள்ளே வாங்குகிறோம். ஏடு கட்டிய தண்ணீரை ஜனங்கள் புழங்கும் வாய்க்காலில் விடுவது எனக்குச் சரி என்று படவில்லை. நெல் அறுத்த வயல் பக்கத்தில் இருந்தால் அதில் பாய்ச்சலாம். மழைக்காலத்தில் மாற்றுவதானால் மதகில் சின்னக் கண் வலை கட்டாமல் திறக்காதீர்கள், விரால் குஞ்சு உள்ளே வந்துவிடும்.

வெள்ளிக்கெண்டை

பாசியையே வடிகட்டித் தின்னும் மீனை விடுவது. சீனாவின் வூகான் நகரத்துக் கிழக்கு ஏரியில் வருடா வருடம் வந்த நீலப்பச்சைப் பாசி ஏடு 1985-இல் மறைந்தது. வெள்ளிக்கெண்டையும் பெருந்தலைக்கெண்டையும் பெருகியதுதான் காரணம் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அங்கே ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அளவில் அந்த மீன்கள் இருந்தன. நாலு குஞ்சு விட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

கூட்டமாய் ஒட்டிய பெரிய பாசியை இந்த மீன் பிடிக்கும், மிகச் சின்னப் பாசி செவுள் இடுக்கில் நழுவிவிடும். அதனால் தண்ணீர் தெளிவாகிவிடாது, பச்சையின் இனம் மாறும், ஏடு குறையும். நமக்கு அது போதும். கட்லாவோடு சாப்பாட்டுக்குப் போட்டி வரும், ஆகவே கட்லாவில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் விட வேண்டும். ரோகுக்கென்றே வரும் வியாபாரி இதை எடுக்க யோசிப்பார், விற்கும் வழியை முன்பே பேசி வையுங்கள். இந்த வருடப் பாசிக்கு இது உதவாது. அடுத்த வருடத்துக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஆகாயத்தாமரை, வைக்கோல், பாட்டில் நுண்ணுயிர்

பர்மியர் பேடா என்று சொல்லும் ஆகாயத்தாமரை பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் நன்றாக உறிஞ்சும். மூங்கில் சட்டத்துக்குள் அடைத்து, குளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைத்தால் பலன் உண்டு. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக் கூடிய செடி இது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியை அள்ளிக் கரையேற்றி மக்க வைத்தால்தான் சத்து குளத்தைவிட்டு வெளியேறும். அள்ளாமல் விட்டால் அங்கேயே அழுகி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும், சட்டம் உடைந்தால் வாய்க்காலும் அடைத்துக்கொள்ளும். கூலிக்கு ஆள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது.

வைக்கோல் நம்மிடம் இல்லாத நாளில்லை. பார்லி வைக்கோலில்தான் அதிக ஆராய்ச்சி நடந்திருக்கிறது, முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. நெல் வைக்கோல் ஆய்வகத்தில் மைக்ரோசிஸ்டிஸை அடக்கியிருக்கிறது. இருக்கும் பாசியை அது கொல்லாது, புதிதாக வளர்வதை மட்டும் தடுக்கும். செய்வதானால் தை, மாசியிலேயே 1 ஏக்கருக்கு 40 முதல் 100 கிலோ வரை வலைப்பையில் தளர்வாகக் கட்டி மேலே மிதக்கவிடுங்கள். ஏடு கட்டிய பிறகு வைக்கோல் போட்டால் அது அழுகுவதற்கும் சேர்த்து ஆக்சிஜன் தேட வேண்டும்.

பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கலவையை நான் பரிந்துரைக்கமாட்டேன். குளங்களில் செய்த சோதனைகளில் பாசி குறைந்தது என்று நிலையாகக் காட்ட முடியவில்லை. அந்தப் பணத்துக்குச் சோதனைப் பெட்டியும் டீசலும் வாங்குங்கள்.

இனி அந்த மூன்று பேருக்கு

தொங்வா தம்பிக்கு: இன்றைக்கு எந்த மருந்தும் வேண்டாம் தம்பி. தீனியை நிறுத்து. இரவு பத்து மணிக்கே பம்பை ஒரு மூலையில் வைத்துப் பீய்ச்சு, மீன் வாய் பிளக்கும் வரை காத்திருக்காதே. காற்று தள்ளிக்கொண்டுபோகும் பக்கத்துக் கரையில் ஏடு ஒதுங்கும், அதைக் காலையில் துணி வலையால் வழித்துக் கரைக்கு அப்பால் குழியில் புதைத்துவிடு. கையில் ரப்பர் உறை போட்டுக்கொள், பிள்ளைகளைக் கிட்டே விடாதே. ஒரு வாரம் மீன் அமைதியாக இருந்து, மூடி இன்னும் 20-ஐத் தாண்டவில்லை என்றால் காரத்தன்மை பார்த்துப் படிகாரம், அதுவும் பாதிக் குளத்துக்கு மட்டும். செத்து மிதக்கும் மீனை ங்கப்பிக்கு (புளிக்கவைத்த மீன் விழுது) கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம். இந்தப் பாசி விஷம் ஈரலிலும் குடலிலும்தான் அதிகம் தங்கும், ங்கப்பிக்குச் சின்ன மீனைக் குடலோடுதான் இடிப்பார்கள்.

மவுபின் அக்காவுக்கு: உங்கள் குளத்துக்கு மருந்து சொல்லிப் பயனில்லை அக்கா. கோழி எச்சம் தினமும் விழுந்துகொண்டிருக்கும் வரை நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை மயில்துத்தம் போடுவீர்கள், ஐந்து வருடத்தில் சேறு பாழாகும். கொட்டகைத் தரையில் பாதிக்குப் பலகையடித்துத் தார்ப்பாய் விரியுங்கள். விழுவதை அள்ளி மூட்டை கட்டினால் காய்கறி போடுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். மாசி பிறந்ததும் முழுவதையும் அடையுங்கள். வீட்டில் ஆள் இருப்பதால் ஆகாயத்தாமரைச் சட்டம் உங்களுக்கு ஒத்துவரும். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது கட்லாவில் பாதிக்கு வெள்ளிக்கெண்டை.

த்வாந்தே மாமாவுக்கு: உங்கள் மீனில் அடிப்பது பெரும்பாலும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாடை. சில நீலப்பச்சைப் பாசிகள் அதை உண்டாக்குகின்றன, மீன் செவுள் வழியாக அது உடம்புக் கொழுப்பில் ஏறிவிடுகிறது. விற்பனை நேரத்தில் மயில்துத்தம் போட்டால் பாசி உடைந்து வாடை இன்னும் ஏறும், அதனால் அதைத் தொடாதீர்கள். விற்க வேண்டிய மீனை மட்டும் தெளிந்த தண்ணீர் உள்ள சின்னக் குட்டைக்கு மாற்றி, தீனி போடாமல், காற்றூட்டி வையுங்கள். சில நாளிலும் போகலாம், இரண்டு வாரமும் ஆகலாம், கொழுத்த மீனுக்கு நாள் கூடும். எடை கொஞ்சம் குறையும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு மீனைப் பிடித்து, வால் பக்கத்துத் துண்டை உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் வாழையிலையில் சுற்றி ஆவியில் வேகவையுங்கள். இலையைப் பிரித்த நொடியில் மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். அத்தையையும் முகரச் சொல்லுங்கள், பண்ணையிலேயே இருக்கும் நம் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். இரண்டு பேருக்கும் மீன் வாசம் மட்டும் வந்த பிறகு வியாபாரியைக் கூப்பிடுங்கள்.